முத்திரை போடாத நிறை

மல்லாவிச் சந்தியில்
பெட்டியைத் தூக்கி இறக்கிய நடத்துனர் கேட்டான்:
"என்ன ஐயா, இதுக்குள்ளை ஆரையும் வச்சிருக்கிறியளோ?"
பித்தளைப் படிகள்.
ஐந்து கிலோவிலிருந்து ஒரு கிராம் வரை
வெல்வெட்டுக் குழிகளில் படுத்திருப்பவை.
வருசத்துக்கு ஒருதரம்
சந்தைத் தராசுகளுக்கு முத்திரை குத்த வருகிறவன் நான்.

விடுதிக்குப் பெயர்ப்பலகை உண்டு, மின்குமிழ் இல்லை.
ஆயிரத்து எண்ணூறு, முற்காசு.
பதிவுப் புத்தகத்தில் 'வந்த நோக்கம்' என்ற கட்டத்தில்
எனக்கு முன் வந்த எல்லாரும்
'சொந்த அலுவல்' என்று எழுதியிருந்தார்கள்.
நானும் எழுதினேன்.
உண்மையை எழுதினால் விடியமுன்
மீன்கடைக்குச் செய்தி போய்விடும்.

நிரஞ்சலா தந்த திறப்பில் ஒன்பது,
கதவில் நாலு.
"எல்லாத்துக்கும் ஒரே பூட்டுத்தான்" என்றாள்
அதுவும் ஒரு வசதி என்பதுபோல.

காத்தாடிக்கு ஒரே வேகம்.
நுளம்பு வலையின் ஓட்டைக்கு ஊக்கு.
சுடுதண்ணிக் குழாயில்
சிவப்பு அடையாளம் மட்டும் சுட்டது.
பக்கத்து அறையில் பொலன்னறுவையிலிருந்து வந்த
நெல்லறுக்கும் மெஷின்காரர்
சிங்களத்தில் சீட்டாடினார்கள்.
தோற்றவன் மட்டும் தமிழில் திட்டினான்.
பழக்கதோசம்,
விடுதிச் சவர்க்காரத்தை நிறுத்துப் பார்த்தேன்.
உறையில் பதினைந்து கிராம்.
படியில் பதின்மூன்று.
ஆருக்கும் சொல்லவில்லை.

ஒரு மணியிருக்கும்.
"ஐயா, நித்திரையோ?"
கையில் துணிப்பொதி.
பொதிக்குள் பதினொரு நாள்.
"பிறக்கேக்கை ரெண்டு அறுநூறு.
இண்டைக்குக் கிளினிக் தராசிலை ரெண்டு நானூறு.
குறைஞ்சு போச்சுதாம், காலமை
கிளிநொச்சிக்குக் கொண்டுபோகட்டாம்.
உங்கடை படி பொய் சொல்லாதெண்டு
டிலக்சன் சொன்னவன்."

டிலக்சன், பெட்டியை மேலே தூக்கி வந்த பொடியன்.
மீன்கடையும் இந்நேரம் தராசைத் தேய்த்துக்கொண்டிருக்கும்.

நியமப் படியில் கைபடக் கூடாது.
வேறெதற்கும் எடுக்கக் கூடாது.
பயிற்சி வகுப்பில் நானே சொல்வது.

உடுப்புக் கொளுக்கியில் தராசுக் கோலை மாட்டினோம்.
இந்தப் பக்கம் நாலாம் அறைப் பேசின்,
அந்தப் பக்கம் ஐந்தாம் அறைப் பேசின்.
இரண்டிலும் ஒரே அளவுத் துவாய்;
விடுதிகள் எல்லாவற்றையும் சோடியாக வாங்குவது
இதற்குத்தான் போல.
காத்தாடியை நிற்பாட்டினேன்,
காற்றும் நிறைதான்.
மெஷின்காரன் ஒருவன் ரோச் பிடித்தான்,
மற்றக் கையில் இன்னும் சீட்டு.

இரண்டு கிலோவை அவளே எடுத்து வைத்தாள்,
வெறுங்கையால்.
நான் தடுக்கவில்லை.
முள் அசையவில்லை.
ஐந்நூறு வைத்தேன். இருநூறு.
பிள்ளை மெல்ல எழும்பியது.
இருபது.
நடுவில் நின்றது முள்.
அந்த நேரம் பார்த்து அது மூத்திரம் பெய்தது.
துவாய் வாங்கிக்கொண்டதால்
கணக்கில் மாற்றமில்லை.

"ரெண்டு எழுநூற்றி இருபது."
திருப்பிச் சொல்லச் சொன்னாள்.
சொன்னேன்.
எழுதித் தரச் சொன்னாள்.
படிவம் இல்லை,
பற்றுச்சீட்டின் பின்பக்கம் எழுதினேன்.
"முத்திரை?"
"அது ஈயத்திலை குத்துறது, பிள்ளை."
கடதாசியை வெளிச்சத்தில் பிடித்து
முத்திரை இல்லாத இடத்தையே பார்த்தாள்.

காலை ஆறு மணிக்கு
கிளிநொச்சி பஸ்ஸுக்கு நின்றாள், பிள்ளையோடு.
"எண்டாலும் ஒருக்காக் காட்டீட்டு வாறன்."
நல்லது என்றேன்.
ஒரு தராசை இன்னொரு தராசால் பார்ப்பதுதானே
என் தொழிலும்.

கணக்கு முடித்தவன் டிலக்சன்.
'துவாய் கழுவியது – நூறு.'
கொடுத்தேன்.

மீன்கடையில் பெட்டியைத் திறந்தபோது
இரண்டு கிலோவின் தலையில்
ஒரு பெருவிரல் அடையாளம்.
துடைத்துவிட்டு வைக்க வேண்டும், விதி.
மீன்காரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க
அப்படியே வைத்தேன்.