எல்லைக்கல்லுக்கு அப்பால்

பேச்சிப்பாறைக்கு மேலே
ஜீப் ஏறாத இடத்திலிருந்து நடந்தோம்.
பதினேழு வீடு. ஆளில்லை.
உள்ளே உத்தரம் முட்ட ரப்பர்ச் சருகு,
வாசலுக்கு வாசல் மண்ணெண்ணெய்க் குப்பி.

"சர்க்கார் எடுக்கட்டும், சாம்பலாக எடுக்கட்டும்"
என்று அவர்களுடைய தீர்க்கதரிசி சொல்லியிருந்தாராம்.

சபைக் கொட்டகையில் மட்டும் தங்கநேசம் இருந்தாள்,
அவருடைய மூன்றாம் மனைவி. நிறைமாதம்.
கையில் தீப்பெட்டி.
"நோட்டீஸ வாசியும் சாரே."

ரேஞ்சர் வாசித்தார்: பிரிவு, உட்பிரிவு, சர்வே எண்.
ஒவ்வொன்றுக்கும் அவள் ஆமென் சொன்னாள்.

அப்போது மழை வந்தது
கோதையாற்றுப் பக்கமிருந்து, யாரிடமும் கேளாமல்.
எங்களுக்கும் ஒதுங்க வேறு கூரையில்லை.
சருகைத் தள்ளிவிட்டு
அவளும் சேர்த்து எட்டுப்பேர் உட்கார்ந்தோம்.

ஒழுகியது.
தீப்பெட்டி நனையாமல்
மடிக்குள் செருகிக்கொண்டாள்.