ஆறு வினாடி

ஹோர்ன் அடிக்கவில்லை, வேறொன்றுமில்லை என்றுதான் வந்தார்
கொட்டாஞ்சேனை இவோன் செபமாலை.
இரவு வேலை முடித்த தாதியின் கண்கள்.
பின்சீட்டில் பிள்ளையின் ஒற்றைச் சப்பாத்து.
பஞ்சிகாவத்தை ஒழுங்கைக்குள் அந்த வெள்ளை விட்ஸைச் செருக
நுவன் மூன்று ஓட்டோவை நகர்த்த வேண்டியிருந்தது.

சாவியைத் திருப்பினேன்.
எண்ணெய் விளக்கு வந்தது. பற்றரி விளக்கு வந்தது.
கதவு திறந்திருக்கிறது என்ற விளக்கும் வந்தது.
மடியில் பந்தோடு குந்தியிருக்கும் அந்தச் சின்ன மனிதன் மட்டும்
வரவேயில்லை.
வந்து, ஆறு வினாடி நின்று, போகவேண்டியவன்.

"அது ஒருநாளும் எரிஞ்சதில்லை. நல்லதுதானே?"

நல்லதில்லை, மிஸி.

பற்றரியின் மைனஸ் முனையைக் கழற்றினேன்.
உடனே கைவைக்கக் கூடாது.
வயர் அறுந்த பிறகும் உள்ளே ஒரு பெட்டி
கொஞ்சம் மின்சாரத்தை முடிந்து வைத்திருக்கும்,
மோதலில் பற்றரியே நசுங்கிப்போனாலும்
ஒரேயொரு தரம் வெடிப்பதற்கு.
மூன்று நிமிடம் போதும் என்பார்கள்.
நான் பத்து விடுவேன்.

தேத்தண்ணி வந்தது. அவர் கேட்கக் கேட்கச் சொன்னேன்:
முதலில் பெல்ட் உங்களைச் சீட்டோடு இறுக்கும், பிறகுதான் பை.
எல்லாம் கண் ஒருதரம் மூடித் திறக்குமுன்.
பெல்ட் போடாமல் முன்னுக்குப் போகிற முகத்துக்கு
அந்தப் பை ஒரு குத்து.
எல்லோருக்கும் சொல்வதுதான்.

டிரைவர் பெல்ட்டை முழுக்க இழுத்தேன்.
தோளுக்கு மேலே, வளையம் உரசும் இடத்தில்
ஒரு சாண் நீளத்துக்கு நூல் உருகி மினுங்கியது,
இஸ்திரிப்பெட்டி பட்ட பொலியெஸ்டர் போல.
இது யாரையோ ஒருதரம் பிடித்திருக்கிறது.
நகோயாவிலா, குருநாகல் வளைவிலா,
பாரமான ஆளா, மெலிந்தவரா,
பிறகு எழுந்து நடந்தாரா
நாடா அதெல்லாம் சொல்லாது.

ஸ்டியரிங் மூடியைக் கழற்றி
என் நெஞ்சுக்கு எதிர்ப்புறமாகத் திருப்பிப் பிடித்தேன்.
பழக்கம். தேவையே இருக்கவில்லை.
வெறும் பிளாஸ்டிக்.
மஞ்சள் ப்ளக்கின் வாயில்
நெல்மணி அளவில் ஒரு ரெசிஸ்டர்,
பை இருக்கிறது என்று பெட்டியை நம்பவைக்க.
வெடித்த பெல்ட்டை மறைக்க அது போதாமல்
விளக்கையும் பிடுங்கியிருந்தார்கள்.

ரெசிஸ்டரைச் சுற்றிக் கறுப்பு டேப்.
கடைசிச் சுற்றின் நுனி, பிறகு உரிக்க வசதியாக,
முக்கோணமாய் மடித்திருந்தது.

இந்த ஒழுங்கையில் அப்படி மடிக்கிறவன்
நான்தான்.

வண்டிக்கு ஆயிரத்து ஐந்நூறு.
விற்கும்வரை விளக்கு தொந்தரவு தராவிட்டால் சரி என்றார்
நிஸ்தார் ஹாஜியாரின் சேலில் இருந்தவர்.
மாதம் நாலைந்து வரும். நிறம்கூட ஞாபகமில்லை.
வாங்க வந்தவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை.

"யார் இப்படிச் செய்வாங்கள்?" என்றார் மிஸி.

நுவனுக்குத் தமிழ் விளங்கும்.
டேப்பைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
ஏற்கெனவே துடைத்த ஸ்பானரைத் திரும்பத் துடைத்தான்.

"யாரோ," என்றேன்.

நாலு நாள் எடுத்தது.
பை, பெல்ட், பெட்டி, எல்லாம் முத்திரை உடைக்காத புதுசு.
ஹோர்னுக்குப் போகிற சுருள் நாடாவும் அறுந்திருந்தது.
பழைய பெல்ட்டை நாலு துண்டாக வெட்டினேன்,
வேறொரு கடை தூக்கி விற்காமல்.

அவர் வந்தார், இந்தத்தரம் பிள்ளையோடு.
சாவியைத் திருப்பினேன்.
சிவப்பாக வந்தான், மடியில் பந்தோடு.
ஒன்று.
இப்போது சொல்லிவிடலாம்.
இரண்டு. மூன்று.
பின்சீட்டுக்கு அடியில் பிள்ளை சப்பாத்தைத் தேடியது.
நாலு.
நுவன் வெளியே போனான்.
ஐந்து.
போய்விட்டான்.

பில்லில் கூலி போடவில்லை.
இரண்டுதரம் பார்த்துவிட்டு,
"மறந்திட்டீங்கள்" என்று
ஆறாயிரத்தை என் கையில் வைத்து மூடினார்.
பெல்ட்டை இழுத்தார். டக்.
பிறகு ஹோர்னை ஒருதரம் அடித்துப் பார்த்தார்.
வேலை செய்தது.
முன்னால் நின்ற ஓட்டோக்காரன்
என்னைத்தான் ஏசினான்.