ஆர் எண்ணியது?

வார்டோவில் நவம்பர் கடைசியில் போன சூரியன்
ஜனவரி பாதி கழிந்துதான் திரும்பும்.
அந்த இடைவெளியில் ரங்ஃப்ரி ஒரு மொழி கற்றாள்.
மீன் கிடங்கின் கணக்குப் பிரிவில்
முப்பத்தொரு வருடம் எண்களோடு இருந்தவள்,
எண்களிடம் பேசியதில்லை.

மொழியின் பெயர் ஒற்றை எழுத்து: ஆர்.
(எனக்கு அது கேள்வியாகத்தான் கேட்கிறது.
அவள் ஊரில் அது வெறும் எழுத்து.)

முதல் நாள் இரண்டும் இரண்டும் கூட்டினாள்.
நான்கு என்றது.
விடைக்கு முன்னால் சதுர அடைப்புக்குள் ஓர் ஒன்று.
அது எதற்கு என்று தூக்கம் வராமல் யோசித்தாள்.

மறுநாள் அம்புக்குறி.
வலமிருந்து இடமாகப் பாயும்,
எண் ஒரு பெயருக்குள் போய் விழும்.
‘கூடு’ என்று வைத்துவிட்டு
‘கூடுகள்’ என்று கூப்பிட்டாள்.
அப்படியொரு பொருளே இல்லை என்றது.
பத்தொன்பது முறையும் அதே சொற்களில்,
குரல் உயர்த்தாமல், இல்லை என்றது.
மணமுறிவுக்குப் பிறகு இவ்வளவு நிதானமாக
அவளை யாரும் மறுத்ததில்லை.

ஒரு மாலை அடைப்பை மூட மறந்தாள்.
திரையில் ஒரு கூட்டல் குறி.
எண்டர் தட்டினாள். இன்னொன்று.
இன்னும் சொல், இன்னும் சொல் என்று
கூட்டல் குறிகள் இறங்கிக்கொண்டே போயின.
அவளும் காத்திருந்தாள், அதுவும்.
காபி ஆறியது.

எல்லாம் அந்தச் சுவருக்காக.
கடல் பார்த்த பழைய கிடங்குச் சுவர்,
சன்னல் விளிம்புதோறும் க்ரிக்யே கூடு கட்டும்,
தன் பெயரையே கத்தித் திரியும் கடற்காகம்.
ஜூன் வந்தால் எண்ணி, நீலக் குறிப்பேட்டில் எழுதுவாள்.
யாரும் கேட்டு அல்ல.
இப்போது த்ரோம்ஸோவிலிருந்து கேட்கிறார்கள்,
கோப்பாக, நெடுவரிசையாக.

முதல் வரைபடம் வந்தது.
இருநூற்றுப் பதினான்கில் தொடங்கிய கோடு
படி இறங்குவதுபோல் இறங்கி ஏழில் முடிந்தது.
நடுவில், 2011இல் மட்டும்,
தரையைத் தொட்டுவிட்டு
அடுத்த கோடையே நூற்று ஐம்பதுக்குத் துள்ளியது.
ஒரு சுவர் அப்படிச் செத்துப் பிழைக்குமா?

குறிப்பேட்டைத் திறந்தாள்.
2011: 0. அவள் கையெழுத்துதான்.
அந்த ஜூனில் அவள் ஊரிலேதான் இருந்தாள்.
சுவர் வீட்டிலிருந்து நானூறு எட்டு.
திரைச்சீலையை இழுத்துவிட்டு
இருபத்தாறு நாள் படுத்துக் கிடந்தாள்.
காரணம் இங்கே தேவையில்லை.
ஆகஸ்டில், கட்டம் காலியாகக் கிடப்பது பொறுக்காமல்
ஒரு சுழியம் போட்டாள்.
போடும்போது சன்னலுக்கு வெளியே
பறவைகள் கத்திக்கொண்டிருந்தன.

இல்லை என்பதற்கும் தெரியாது என்பதற்கும்
இந்த மொழியில் வேறு வேறு சொல்.
சுழியம் என்றால் போனேன், பார்த்தேன், ஒன்றுமில்லை.
என்.ஏ. என்றால் ஒருவரும் போகவில்லை.

மாற்றினாள்.
கோடு 2010இல் நின்றது, 2012இல் தொடங்கியது.
இடையில் வெறும் வெள்ளை.
சராசரி கேட்டாள்.
என்.ஏ. என்றது,
ஒன்று தெரியாவிட்டால் எதுவும் தெரியாது என்பதுபோல.
அந்த வருடத்தை உதறிவிட்டுச் சொல் என்று
கட்டளையிட வழி உண்டு, படித்திருந்தாள்.
அன்றைக்கு இடவில்லை.

ஜூனில் தொலைநோக்கியோடு போனாள்.
காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை
(மாலை என்பது அங்கே அந்த மாதம் பேச்சுக்குத்தான்).
எச்சக் கறை. உலர்ந்த பாசி. விளிம்புகள்.
மூன்றாம் நாளும் போனாள்.

வீடு திரும்பி, காலணி கழற்றாமல்,
கடைசி வரிசையில் 0 அடித்தாள்.
பிறகு புதிதாக ஒரு நெடுவரிசை சேர்த்தாள்:
எண்ணியவர்.
அதற்குக் கீழே தன் பெயர்,
2011இன் கட்டத்தைத் தாண்டி.