பன்னிரண்டாவது பாட்டில்

தக்காளி கிலோ எட்டு ரூபாய்க்கு இறங்கிய அன்றுதான்
புனேக்காரர் கோப்பை அனுப்பினார்.
சலவை இயந்திரக் கையேடு, அறுபத்திரண்டு பக்கம்,
தமிழில், விடிவதற்குள்.
சரி என்று பதில் எழுதிவிட்டுத்தான்
வாசலில் நின்ற லோடு ஆட்டோவைப் பார்த்தேன்.
இருபது கிலோ.
"நீதானே கேட்டே" என்றார் நாச்சியப்பன்.
நான்தான் கேட்டேன்,
போன வெள்ளிக்கிழமை, ஒரு வேலையும் இல்லாதபோது.

கைபேசியில் மூன்று அலாரம், மூன்றுக்கும் ஒரே மணி.
கண்புரை எடுத்த மாமாவுக்கு நாலு மணி நேரத்துக்கு ஒரு சொட்டு;
தொக்கைக் கிளற ஒன்று;
பத்துப் பக்கம் முடிந்ததா என்று
என்னையே கேட்க ஒன்று.
அடித்ததும் எழுந்து ஓடிப்
பாதி வழியில் நின்றேன்:
கண்ணா, கரண்டியா, பக்கமா?
ஒருமுறை சொட்டு மருந்தோடு அடுப்படியில் நின்றேன்.
கூடத்தில் அண்ணாந்த முகத்தோடு மாமா,
"நான் இங்கே இருக்கேன் ஆத்தா" என்றார்.

'சுழற்சி முடியும்வரை மூடியைத் திறக்க வேண்டாம்.'
பதினேழாம் பக்கம்.
வேண்டாம் போதுமா, கூடாது போடணுமா?
துழாவிக்கொண்டே யோசித்தேன்.
தொக்கு அடிபிடிப்பதும்
ஒரு சொல் பிடிபடுவதும்
எப்போதும் ஒரே நொடியில்தான்.
கூடாது என்றே போட்டேன்.
கரண்டியிலிருந்து ஒரு துளி
விசைப்பலகையில் 'ழ' மேல் விழுந்தது.
அதற்கப்புறம் ஒவ்வொரு சுழற்சியும்
ஒட்டி ஒட்டித்தான் வந்தது.

பங்குனியிலிருந்து உமையாளின் நூல் தவளை
கொக்கி ஊசியில் மூன்று காலோடு தொங்குகிறது.
"நாலாவது கால் எப்பம்மா?"
"இந்தக் கையேடு முடியட்டும்."
"மிக்ஸிக் கையேடு முடியட்டும்னுதான் போன தடவையும் சொன்னே."
பேச்சை மாற்றச் சீட்டு எழுதும் வேலையைக் கொடுத்தேன்:
பொருள், தேதி.
பன்னிரண்டிலும் குண்டு குண்டாக
'தவளை ரத்தம்' என்று எழுதி வைத்திருந்தாள்.
கிழித்து மறுபடி எழுத யாருக்கு நேரம்?
ஒட்டினேன்.

புதுவயலில் எந்நேரமும் எந்த மில்லிலாவது நெல் அவியும்.
அந்த ஆவிக்குள் எங்கள் ஆவியும் போய்ச் சேர்ந்தது.
சீரில் வந்த பித்தளை அண்டா,
விளிம்பில் என் முதலெழுத்து வெட்டியது,
பத்து வருஷமாகப் பரணில் கவிழ்ந்து கிடந்தது.
அடியில் பழைய துண்டை மடித்துப் போட்டு
கண்ணாடி கண்ணாடியை இடிக்காமல் நிறுத்தி
மூடிக்கு மேல் இரண்டு விரல் தண்ணீர்.
எலுமிச்சைச் சாற்றில் மட்டும் கஞ்சத்தனம் கிடையாது.
கொதிக்கிற நேரத்தில் கடைசி ஒன்பது பக்கம்.

கோப்பும் பில்லும் போனபோது மணி பதினொன்றரை.
புனேக்காரருக்கும் தூக்கமில்லை போல,
உடனே பதில் வந்தது:
'பக்கம் என்ற இடத்தில் பாட்டில் பன்னிரண்டு என்று இருக்கிறது.
தொகை சரி.'

விளக்கை அணைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்தோம்.
ஆற ஆற மூடி உள்ளே இழுத்துக்கொள்ளும்,
டிக்.
மில்லில் மரக்கால் அளக்கும் குரலில்
நாச்சியப்பன் எண்ணினார்:
லாபம். ரெண்டு. மூணு.
நடுவில் நெடுநேரம் ஒன்றுமில்லை;
மூச்சுகூட மெல்லத்தான் விட்டோம்.
கரண்ட் பில்லைப் பற்றி ஆரம்பித்தார்,
டிக், நிறுத்தினார்.
பதினொன்றோடு நின்றது.

பன்னிரண்டாவதை விரலால் அழுத்தினேன்.
உள்ளே போய் வெளியே வந்தது.
ஒட்டாத மூடி. வைத்திருக்க முடியாது.

அலாரம் அடித்தது, கண்ணுக்கு.
மாமா எழுந்துவிட்டார்,
மாமாவுக்கு விளக்குப் போட உமையாள் எழுந்தாள்.
ஆறிப்போன இட்லியைச் சுற்றி
நாலு பேரும் தரையில் உட்கார்ந்தோம்.
ஒருத்தரும் எதையும் கேட்கவில்லை,
தவளையின் காலைக்கூட.
பாட்டில் பாதிக்கு இறங்கியது.

விரலை வழித்துவிட்டு
"உப்புக் கம்மி" என்றார் மாமா.

மீதிப் பதினொன்றிலும் அதே உப்புத்தான்.
மூடியாயிற்று.