வெள்ளி இரவு, ஒன்பது பத்து

பாய்ஸி நகரத்தின் தெற்கு விளிம்பில்
உருளைக்கிழங்குக் கிடங்காக இருந்த கட்டடத்தில்
எனக்கு இரவு வேலை.
நாற்பது வரிசை சர்வர்கள்.
ஒரு காபி இயந்திரம், அதுவும் பழுது.

மூன்றாம் வரிசையில் கீழிருந்து இரண்டாவது பெட்டி
ப்ளூ-ரே வட்டுகளுக்கென்று வைத்தது.
வீட்டில் படம் போட்டால் மெனுவின் மூலையில்
'இணையத்தில் இன்னும் உண்டு' என்று மின்னுமே ஒரு பொத்தான்,
அதை அழுத்தியவர்களெல்லாம் வந்து நின்ற வாசல் இதுதான்.
வந்தவர்களுக்கு என்ன கொடுத்தோம்?
ஒரு முன்னோட்டம்,
பத்துக் கேள்வியில் ஒரு வினாடி வினா,
நாய்க்குட்டிக்குத் தொப்பி மாட்டும் விளையாட்டு.
அதுவும் இறங்கி முடிப்பதற்குள்
சோளப்பொரி நமுத்துவிடும்.
அநேகமாக எல்லோரும் ஒருமுறைதான் அழுத்தினார்கள்.

வெர்லின் ஹாட்ச் அனுப்பியது இரண்டே வரி:
மாதக் கடைசியில் அணைத்துவிடு, மைத்தே.
யாரும் வருவதில்லை.

நான் பாஸ்க்காரி. எங்கள் ஆட்கள்
இந்த மலைகளுக்கு ஆடு மேய்க்க வந்தவர்கள்.
எண்ணிப் பார்க்காமல் பட்டியை அடைப்பது
எங்களுக்குக் கைவராது.

பதிவேட்டைத் திறந்தேன்.
ஆடிக்கொன்று அமாவாசைக்கொன்றாய்ச் சில தட்டல்கள்.
நடுவே ஒன்று மட்டும் வாராவாரம்,
வெள்ளி இரவு ஒன்பது பத்துக்கு,
நோவா ஸ்கோஷியாவில் ஆன்டிகோனிஷ் பக்கமிருந்து.
எப்போதும் ஒரே வட்டு,
கலங்கரை விளக்கத்தில் திருடர்கள் ஒளிந்துகொள்ளும்
சுமாரான ஒரு படம்.
மெனு. செய்திக் கோப்பு. நாற்பது வினாடி. துண்டிப்பு.

செய்திக் கோப்பில் இருந்தது இவ்வளவுதான்:
'விரைவில் புதிய காட்சிகள்! காத்திருங்கள்!'
எழுதியவர் வேலையை விட்டுப் பத்து வருடம்.

பிளேயர்தான் தானாகத் தட்டுகிறதோ?
இல்லை. ஒரு வெள்ளி ஒன்பது இருபத்தேழு.
இன்னொரு வெள்ளி வரவேயில்லை,
ஞாயிறு மதியம் வந்து மூன்று தடவை தட்டியிருந்தது.
இயந்திரத்துக்கு ஜலதோஷம் பிடிக்காது.

கோப்பில் கைவைக்க எனக்கு அனுமதி இல்லை.
வைத்தேன்.
'புதிய காட்சிகள் இல்லை. வரவும் வராது.
இத்தனை நாள் வந்ததற்கு நன்றி.
இங்கே வெளியே பனி.'

அவர்கள் ஒன்பது பத்து எங்களுக்கு மாலை ஆறு பத்து.
வேலைக்கு நாலு மணி நேரம் முன்பே போய்
கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தேன்.
மெனு. கோப்பு.
நாற்பது வினாடி போனது.
ஒரு நிமிடம். நான்கு.
பதினோராவது நிமிடம் வினாடி வினா திறந்தது.
கேள்விகள் பட்படவென்று நகர்ந்தன,
பத்துக்குப் பத்தும் தப்பு.
வாரம் தவறாமல் பார்க்கிற படத்தில்
திருடர்கள் எத்தனை பேர் என்றுகூடவா தெரியாது?
பிறகுதான் புரிந்தது.
கேள்விகளைத் தாண்டினால்தான்
மதிப்பெண் பட்டியலுக்குப் பெயர் கேட்கும்,
எட்டே கட்டம் கொடுத்து.
அந்தக் கட்டங்களில்
ரிமோட்டின் அம்புக்குறியால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி:
இங்கும் பனி.
மதிப்பெண்: பூஜ்யம்.

ஒருவர் வருகிறார் என்று வெர்லினுக்கு எழுதினேன்.
கணக்கில் அது பூஜ்யம்தான் என்று பதில் வந்தது.
கெட்டவர் இல்லை, மின்கட்டணம் பார்ப்பவர்.

அணைப்பதற்கு முந்தைய வெள்ளி
கோப்பில் கடைசியாக எழுதினேன்:
'அடுத்த வாரம் உங்கள் திரையில்
"இணைப்பைச் சரிபார்க்கவும்" என்று வரும்.
வயரைப் பிடுங்கிச் செருகி அலைய வேண்டாம்.
கோளாறு உங்களிடம் இல்லை.'

அன்று கேள்விகள் மெதுவாக நகர்ந்தன.
ஒவ்வொன்றுக்கும் யோசித்தாற்போல ஓர் இடைவெளி.
இடையில் எழுந்து
தேநீர் போட்டுக்கொண்டு வந்திருக்கவும் கூடும்.

பெயர்: சரி.
மதிப்பெண்: பத்துக்குப் பத்து.