நாலு நிமிடம்

சமேதான் ஓடுபாதையில்
மைனஸ் பதினெட்டு.
இறக்கையில் படிந்த பனியை
நானேதான் துடைக்கிறேன்.
பைலட், சுமைதூக்கி,
கழிப்பறை கழுவுகிறவள் எல்லாம்
ஒரே சட்டைக்குள்.

நேற்று ஒரே பயணி.
ஒரு நாய். நீஸ் வரை.
அதற்கு வெந்த கோழி. எனக்கு
அது மோந்துவிட்டு ஒதுக்கிய மீன்முட்டை.
ஹேங்கரில் நின்றபடி
பிளாஸ்டிக் கரண்டியால் தின்றேன்.
நன்றாகத்தான் இருந்தது.

சூரிச் கம்பெனியின் கடிதம்
மூன்று வாரமாகக் காரில் கிடக்கிறது.
மாத அட்டவணை, ஓய்வூதியம்,
எந்த ஞாயிறு வீட்டில் என்று
முன்பே தெரிந்துவிடும் வாழ்க்கை.
உர்சின் கேட்கிறான்:
"இன்னும் என்ன யோசனை, செராய்னா?"

கேட்கலாம் அவன்.
அவன் பிறந்தநாள் கேக்கை
மூன்று வருடமாக மறுநாள்தான் வெட்டுகிறோம்.
இரண்டு மணி நேரக் கெடுவோடு
அலறும் போன்
எங்கள் இருவருக்கும் நடுவில் தூங்குகிறது.

ஆனால்
இறக்கிவிட்டுத் திரும்பும்போது
பின்னால் எட்டுத் தோல் இருக்கைகள்,
ஒருவரும் இல்லை.
பெர்னினா முகட்டில்
வெயில் ஏறுகிறது.
ரேடியோவில் யாரும் பேசாத
நாலு நிமிடம்.

அதை எந்தக் கணக்கில் எழுத?

போன் அடிக்கிறது.
நாய் திரும்பி வருகிறதாம்.