புதைத்தல் தடை

மருதானை அச்சகத்திலிருந்து
ஆயிரத்து இருநூறு சுவரொட்டி
சணல் கட்டுகளாய் வந்திறங்கிய திங்கட்கிழமை
மேல் கட்டைப் பிரித்த ருக்சானா
வாயைப் பொத்திக்கொண்டாள்.
சிங்களம் சரி. ஆங்கிலம் சரி.
தமிழில் மட்டும்
"புதைத்தல் தடை."

எழுத்துக் கோர்த்த பையனுக்குத் தமிழ் தெரியாது,
உருவம் பார்த்து அடித்திருப்பான்.
ஆனால் பிழை பார்த்த பிரதியின் அடியில்
இருந்தது என் கையெழுத்து.
வெள்ளிக்கிழமை, நாலே கால்.
முகத்துவாரம் கூட்டத்துக்கு வடை எத்தனை என்று
தோளில் போனை இடுக்கிக் கேட்டபடி போட்டது.
(வடை நாற்பது. வந்தவர் ஏழு.)

மறுபடி அச்சிட இந்தக் காலாண்டில் காசில்லை
என்றார் கணக்காளர்.
வெள்ளை மை வேண்டுமானால் இரண்டு டசின் தரலாம்.

த-வின் வாலை மறைத்தால்
க.
அவ்வளவுதான் வேலை, ஆயிரத்து இருநூறு தடவை.

ஆறு மணிக்குப் பிறகு
பரிசோதகர் விஜேதுங்கவும் கதிரையை இழுத்துப் போட்டார்.
அவருக்குத் தமிழ் வாசிக்க வராது; வால் தெரியும்.
"இதுவா மிஸ்?"
"பக்கத்தில, சேர்."
முப்பதுக்கு ஒரு தரம் எழுந்து
ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் போய்
ஏலக்காய் மென்றபடி திரும்பினார்.
நான் கேட்கவில்லை.
எங்கள் படிவத்தில்
மீன்காரருக்கு நிரல் உண்டு, ஆட்டோக்காரருக்கு உண்டு,
பாடசாலை வாசலுக்கு உண்டு,
திணைக்களத்துக்கு இல்லை.

மட்டக்குளிக்கு முந்நூறு. வனாத்தமுல்லைக்கு இருநூறு.
கொம்பனித்தெரு எடுக்க ஆள் வரவில்லை,
நானே பஸ்ஸில் கொண்டுபோனேன்.

ஐந்தாம் குறுக்குத் தெருவுக்கு மட்டும்
வாலோடு ஒன்று தப்பிப் போய்விட்டது.
நவாஸ்தீன் கடை. பிளேன்டீ, பணிஸ்,
ஒற்றைச் சிகரெட்,
நைலோன் கயிற்றில் தொங்கும் லைட்டர்.
லைட்டருக்கு நேர் மேலே ஒட்டியிருந்தார்.

நாட்டாமை செபமாலை
செத்தல் மிளகாய் மூட்டை ஏற்றிய வண்டியை
தெருவை மறித்து நிறுத்தி
சத்தமாய் வாசித்தான்:
"புதைத்தல் தடையாம்! அப்ப முதலாளி,
செத்தா எங்கள எங்க கொண்டு போடுவாங்க?"

தெருவே சிரித்தது. அவனும்.
சிரிப்பு இருமலாகி
இருமல் நிற்காமல்
ஒரு கை வண்டியைப் பிடித்திருக்க
மற்றக் கையின் சிகரெட்
பற்றாமலே கானுக்குள் விழுந்தது.
யாரோ தண்ணீர் நீட்டினார்கள்.
பின்னால் லொறிக்காரன் ஹோர்ன் அடிப்பதை விட்டான்.

வெள்ளை மையோடு நான் போனது அடுத்த நாள்.
நவாஸ்தீன் கையை மறித்தார்.
"விடுங்க மிஸ். சரியானத எட்டு வருசமா ஒட்டினீங்க,
ஒருத்தனும் வாசிக்கல்ல.
இத வாசிக்கிறானுகள்.
வாசிச்சிட்டு, லைட்டரத் தொட முந்தி
ஒரு சொட்டு நிக்கிறானுகள்."
"அப்ப லைட்டரக் கழட்டலாமே?"
"அது வேற கத."
சீனிப் போத்தலைத் துடைக்கத் தொடங்கினார்.

அறிக்கையில் எழுதினேன்:
விநியோகிக்கப்பட்டவை ஆயிரத்து இருநூறு.
குறிப்புகள் என்ற கட்டத்தில்
பேனையை வைத்து
எடுத்துவிட்டேன்.
ஒரு சொட்டு நேரத்தை
எந்த அலகில் கொடுப்பது?

மே மாதம் மழை
மூன்று நாள், பக்கவாட்டில்.
முதலில் வனாத்தமுல்லையிலிருந்து போன்,
பிறகு கிராண்ட்பாஸ்.
"மிஸ், வெள்ளை கழண்டிட்டுது,
வால் வந்திட்டுது."
எந்த வட்டாரம் என்று கேட்டேன்.
எல்லாம்தான், என்றாள் ருக்சானா.

மேசை லாச்சியைத் திறந்தால்
மை உறைந்து மூடியோடு ஒட்டிக் கிடந்தது.
ஊசியால் குத்திக்கொண்டிருந்தேன்.
வாசலில், குடை சொட்டச் சொட்ட, விஜேதுங்க.
ஏலக்காய் வாசம் இல்லை, வேறு வாசமும் இல்லை,
அல்லது மழை கழுவியிருக்கலாம்.

"விட்டிட்டேன் மிஸ்," என்றார் தன் தமிழில்,
"நாலு நாள்."

ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது.
நான் மறு கதிரையிலிருந்த
கோப்புகளை எடுத்துக் கீழே வைத்தேன்.